பிள்ளையாரின் பாலும் நேசமணியின் தலையும்: மீம்கள் எப்படிப் பரவுகின்றன?

ஒரு மீம் ஒரே ராத்திரியில் நாடு முழுக்கப் போய்விடுகிறது. அதைவிட நன்றாகச் செய்த இன்னொன்று பத்து லைக்கோடு படுத்துவிடுகிறது. இதற்குப் பின்னால் ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை எல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா? இதுதான் கேள்வி.

அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பதினைந்து வருடமாக மீம் பார்த்தும், அவ்வப்போது செய்தும், கொஞ்ச காலம் ஒரு சின்ன மீம் பக்கத்துக்கு அட்மினாக இருந்தும் எனக்குப் பிடிபட்டது ஒன்று: கைக்கு வந்தவனுக்கு ஏதாவது வேலை வைக்கிற சரக்குதான் ஓடும். பார்த்தோம், சிரித்தோம் என்று முடிந்துவிட்டால் அவன் அடுத்ததற்குப் போய்விடுவான். "இதில் நான் ஒன்று சேர்க்கலாமே", "இதை அவனுக்குக் காட்டணுமே", "நானும் செய்து பார்க்கிறேன்" என்று கை குறுகுறுத்தால்தான் அது அந்த வீட்டு வாசலைத் தாண்டும்.

இன்டர்நெட் இல்லாத கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் டெல்லியில் ஒரு கோயிலில் விடியற்காலையில் பிள்ளையார் பால் குடித்தார் என்ற செய்தி அன்றைக்கே நாடு முழுக்கப் பரவி, லண்டன் கோயில்கள் வரை போய்விட்டது. போனது எல்லாம் டெலிஃபோனிலும் வாய்வழியாகவும்தான். எங்கள் அப்பத்தா எவர்சில்வர் டம்ளரில் பாலும் ஒரு ஸ்பூனும் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வரிசை கோயிலைச் சுற்றி நின்றது. எங்கள் முறை வந்தபோது துதிக்கை ஓரமாக ஸ்பூனைச் சாய்த்துப் பிடித்தார். பால் மெல்லக் குறைந்தது. பீடத்தைச் சுற்றித் தரையெல்லாம் பிசுபிசுவென்று இருந்ததையும் நான் பார்த்தேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

திரவத்தின் பரப்பு இழுவிசை ஸ்பூனிலிருந்து பாலை இழுக்கிறது, அப்புறம் அது சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்று அரசாங்க விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டினார்கள். அதெல்லாம் சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "எங்கேயோ ஒரு சிலை கண்ணைத் திறந்ததாம்" என்றால் அது கேட்டுவிட்டு மறக்கிற வதந்தி. "பிள்ளையார் பால் குடிக்கிறார், ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போய் நீயே பார்" என்பது வேலை. போன ஒவ்வொருவரும் திரும்பி வரும்போது சாட்சியாக வந்தார்கள். பொய் என்று நிரூபிக்கப் போன எங்கள் கணக்கு வாத்தியாரும் அதே வரிசையில்தான் நின்றார், வரிசை இன்னும் நீளமாகத் தெரிந்தது!

அதற்கு முந்தைய தலைமுறைக்குச் சந்தோஷி மாதா கடிதம். 15 காசு அஞ்சலட்டையில், இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதினால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டவர் வீட்டில் கெட்டது நடந்தது என்று வரும். ஆசையும் பயமும் பாதிப் பாதி, நடுவில் ஒரு வேலை. இன்றைய "பத்து பேருக்கு ஷேர் செய்யவும்" அந்த அஞ்சலட்டையின் பேரன்தான்.

மீம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பியிருக்கிறது. 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் மரபணுக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், மரபணு உடலுக்கு உடல் தாவுவதுபோல மூளைக்கு மூளை தாவுகிற ஒன்றும் இருக்கிறது என்று சொல்லி, போலச் செய்வதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை வெட்டிச் சுருக்கி 'மீம்' என்று பெயர் வைத்தார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் பூனைப் படம் இல்லை: மெட்டுகள், வழக்குச் சொற்கள், உடை நாகரிகம், பானை வனையும் முறை, கட்டட வளைவு கட்டும் முறை. 1994-இல் மைக் காட்வின் என்ற அமெரிக்க வழக்கறிஞர் இந்தச் சொல்லை இன்டர்நெட் விவாதங்களுக்குப் பொருத்தி எழுதினார். அப்புறம் அது படத்தின் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி என்று சுருங்கிப்போனது.

இதோடு 'வைரல்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. நோய் மாதிரி தொற்றுகிறது, நாம் வெறும் உடம்பு, அது வந்து ஏறிக்கொள்கிறது என்ற படம் மனதில் விழுந்துவிட்டது. எனக்கு இதில் சம்மதமில்லை. ஜலதோஷத்தை யாரும் யோசித்து, இவனுக்குக் கொடுக்கலாம், மாமனாருக்கு வேண்டாம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. மீமை அப்படித்தான் கொடுக்கிறோம். காலேஜ் குரூப்புக்குப் போகிற மீம் குடும்பக் குரூப்புக்குப் போகாது. லிமோர் ஷிஃப்மன் என்ற இஸ்ரேல் ஆய்வாளர் நல்ல வித்தியாசம் ஒன்று காட்டுகிறார்: அப்படியே கைமாறுகிறது என்றால் அது வைரல்; ஆளாளுக்குத் திருத்தி, நையாண்டி செய்து, புதிதாகப் பிறக்கிறது என்றால்தான் மீம். டாக்கின்ஸே 2013-இல் இன்டர்நெட் மீம் தான் சொன்னதிலிருந்து விலகியது என்று ஒத்துக்கொண்டார். மரபணுவில் மாற்றம் தற்செயலாக நடக்கிறது, இதில் மனிதன் வேண்டுமென்றே மாற்றுகிறான்.

இனி நேசமணிக்கு வருவோம். இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து உலகத்திலேயே குறைவு.

2019 மே மாதக் கடைசி. கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் சாவகாசமாகப் பதில் எழுதினார்: இதற்குச் சுத்தியல் என்று பெயர், எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது, பாவம். 2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம்தான் நேசமணி. மேலே நிற்கும் உதவியாள் கைதவறி விடுகிற சுத்தியல் அவர் தலையில் விழும். விவரம் தெரிந்த இன்னொரு தமிழர் கீழே வந்து, இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று முகத்தைச் சுளிக்காமல் விசாரித்தார். கூடவே நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்று ஒரு ஹேஷ்டேக்.

அவ்வளவுதான் விதை. 29-ஆம் தேதி இரவு ட்விட்டரில் பிடித்தது, 30-ஆம் தேதி இந்திய அளவில் உச்சியில் நின்றது, உலக ட்ரெண்டிங் பட்டியலிலும் ஏறியது. அன்றைக்குத்தான் நரேந்திர மோடி இரண்டாவது முறையாகப் பிரதமர் பதவியேற்றார். வடக்கே இருந்த பத்திரிகையாளர்கள், யார் இந்த நேசமணி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களும் ஹேஷ்டேக்கைப் போட்டுத்தான் கேட்டார்கள், எண்ணிக்கை ஏறியது. கேட்டவர்களுக்கு நம் ஆட்கள் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. "நிலைமை கவலைக்கிடம்", "தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்" என்றே பதில் போனது.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நண்பன் மருத்துவமனை அறிக்கை ஒன்று தட்டச்சு செய்து அனுப்பினான். "திரு. நேசமணி அவர்கள் நினைவுடன் இருக்கிறார், திரவ உணவு எடுத்துக்கொண்டார், தொடர்ந்து கண்காணிப்பில் உள்ளார்." லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. நான் என் பங்குக்கு ஒரு டிவி ஃபிளாஷ் நியூஸ் கார்டு செய்தேன். சுத்தியல் காவல்துறை கட்டுப்பாட்டில் எடுக்கப்பட்டது என்று. ஒருவர் விபத்து நடந்த இடத்தின் வரைபடம் போட்டார். இன்னொருவர் சிபிஐ விசாரணை கேட்டார். விளம்பரக் கம்பெனிகள் ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தன.

இங்கே கவனியுங்கள். அந்த ஜோக்கில் எல்லோருக்கும் ஒரு காலி நாற்காலி இருந்தது. டாக்டர், ரிப்போர்ட்டர், கட்சித் தொண்டர், சொந்தக்காரர், சந்தேக நபர் என்று எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த நாற்காலிகளில் உட்காரத் தமிழ்நாட்டுக்குப் பயிற்சியும் இருந்தது. 2016-இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்த காலத்தில் அறிக்கை வரும், அதை வரி வரியாகப் படிப்போம், இட்லி சாப்பிட்டாரா இல்லையா என்று பேசுவோம். அந்த நடை நமக்கு மனப்பாடம். மூன்று வருடம் கழித்து நேசமணிக்கு அறிக்கை எழுத யாரும் தனியாகப் படித்துவிட்டு வர வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் முன்புதான் தேர்தல் முடிவு வந்திருந்தது. நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது தமிழ்நாடு தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எதிரணிக்குக் கொடுத்திருந்தது. டெல்லியில் பெரிய விழா நடக்கும் நாளில் நாங்கள் வேறு ஒருவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு குறும்பு இருந்தது. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீம் கட்சிக் கொடியாகிப் பாதிப் பேர் விலகியிருப்பார்கள்.

சின்ன விவரம் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. பெருமளவு ஓடிய அந்த ஹேஷ்டேக்கில் நேசமணியின் பெயர் ஆங்கிலத்தில் தப்பாக எழுதப்பட்டிருந்தது, 'இ' எழுத்துக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு 'ஏ'. லட்சக்கணக்கானவர்கள் அதைத் திருத்தாமல் அப்படியே போட்டார்கள், திருத்தினால் ட்ரெண்டிங் எண்ணிக்கையில் சேராது என்பதால். ஜோக்கை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றினோம். எழுத்துப் பிழையை மட்டும் பயபக்தியோடு காப்பாற்றினோம். எது மாறலாம், எது மாறக் கூடாது என்பது கூட்டத்துக்குச் சொல்லாமலே தெரிகிறது.

ட்ரெண்டிங் கணக்கும் அதற்குக் கைகொடுத்தது. ட்விட்டரின் பட்டியல் மொத்தம் எத்தனை பேர் பேசினார்கள் என்பதைவிடத் திடீரென்று எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைத்தான் பார்த்தது. தினமும் லட்சம் பேர் பேசுகிற கிரிக்கெட்டைவிட, நேற்று வரை யாருமே பேசாத ஒரு பெயர் ஏறுவது அங்கே எளிது. பதினெட்டு வருடம் சும்மா இருந்த ஒரு கான்ட்ராக்டருக்கு அது ரொம்பத் தோதான ஏற்பாடு.

வடிவேலு ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. 2011 தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு பல வருடம் அவர் திரையில் மிகக் குறைவாகவே வந்தார். அதே வருடங்களில்தான் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் வந்தது, எல்லோர் ஃபோனிலும் அவர் வந்தார். அடி வாங்கப்போவது தெரிந்தும் வீறாப்பாக நிற்கிற முகம், வாங்கிய பிறகு வலிக்காததுபோல் நடிக்கிற முகம், கடன்காரனைப் பார்த்த முகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ரேம் இருக்கிறது. டெம்ப்ளேட்டைப் பார்த்ததுமே அடுத்த வசனம் நமக்குக் காதில் விழுகிறது. அதாவது வாக்கியத்தில் பாதியை அவர் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார். மீதிப் பாதியில் உங்கள் மேனேஜரையோ, கரன்ட் பில்லையோ, மாமியாரையோ நிரப்பினால் போதும்.

சரி, அதிர்ஷ்டம். 2006-இல் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் அதிகம் தெரியாத 48 பாடல்கள், 14,341 பேர். கேட்கலாம், பிடித்தால் இறக்கிக்கொள்ளலாம். சிலருக்குப் பாட்டுகளை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். ஒரே பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆவது. படுமோசமான பாட்டு பெரிதாக ஜெயிக்கவில்லை, மிக நல்ல பாட்டு பெரிதாகத் தோற்கவில்லை. நடுவில் இருந்ததெல்லாம் முதலில் வந்த நாலு பேர் கையில். நான் அட்மினாக இருந்தபோது ஒரு மீமை ஒரு வியாழக்கிழமை போட்டேன், காற்று வாங்கியது. இரண்டு வாரம் கழித்து வேறொரு பக்கத்துக்காரர் அதையே எங்கள் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போட்டார், பறந்தது. வயிறு எரிந்தது. ஆனால் அதில் அவர் திறமையும் இல்லை, என் தப்பும் இல்லை.

இதிலிருந்து, எண்ணிக்கையைக் காசு கொடுத்து ஏற்றினால் ஓடுமே என்று தோன்றும். தோன்றித்தான் படக் கம்பெனிகளும் கட்சிகளும் மீம் பக்கங்களுக்குக் காசு கொடுக்கின்றன. சால்கானிக்கும் வாட்ஸும் அடுத்த பரிசோதனையில் அதையும் பார்த்தார்கள். தரவரிசையை வேண்டுமென்றே தலைகீழாக்கிக் காட்டினார்கள். பொய்யாக மேலே ஏற்றிய பாட்டுகளில் சில அங்கேயே தங்கின. ஆனால் நல்ல பாட்டுகள் மெல்ல மெல்ல மேலே வந்தன, மொத்தத்தில் மக்கள் பாட்டு இறக்குவதே குறைந்துபோனது. காசுக்குப் போடுகிற மீமை ஒரு நாளைக்கு மேல் நான் உயிரோடு பார்த்தது அபூர்வம். அதில் காலி நாற்காலி இருக்காது. எல்லா நாற்காலியிலும் விளம்பரதாரரே உட்கார்ந்திருப்பார்.

ஜோக் பரவுவதும் செயல் பரவுவதும் ஒன்றல்ல. தகவல் வேகமாகப் போக, நெருங்கிய நண்பனைவிட அரைகுறை அறிமுகம்தான் உதவும் என்று மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். நெருங்கியவனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் கூச்சமோ, செலவோ, ஆபத்தோ உள்ள காரியத்துக்கு ஒருவர் சொன்னால் போதாது. டேமன் சென்டோலா 2010-இல் 1,528 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், ஒருவருக்கொருவர் நெருக்கமாகப் பின்னிய வலையில் சுமார் 54 சதவீதம் பேர் ஒரு புதுப் பழக்கத்தில் சேர்ந்தார்கள். சிதறிய வலையில் 38 சதவீதம்தான். நாலு பக்கத்திலிருந்தும் கேட்டால்தான் கால் நகர்கிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா அப்படித்தான் நிரம்பியது. காளைப் படங்களும் மீம்களும் பல நாளாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஷேர் செய்ய யாருக்கும் தைரியம் தேவைப்படவில்லை. 17-ஆம் தேதி கடற்கரையில் உட்கார்ந்தவர்கள் காலேஜ் குரூப்பில் படம் போட்டார்கள், ஹாஸ்டல் குரூப்பில் போட்டார்கள், ஆஃபீஸ் குரூப்பில் போட்டார்கள். விளக்கை அணைத்தபோது ஃபோன் டார்ச்சுகள் எரிந்த படம் வந்தது. நான் அன்று இரவு போகவில்லை. மறுநாள் பக்கத்து சீட்டுக்காரர், என் தம்பி, கீழ்வீட்டு அண்ணன் மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் பஸ் ஏறினேன்.

இதுவரை சொன்னது சிரிப்புக் கதையும் பெருமைக் கதையும். இதே இயந்திரம்தான் ஆளையும் கொல்கிறது.

தமிழில் '-ஆம்' என்று ஓர் அருமையான விகுதி இருக்கிறது. "முதலை வந்துவிட்டதாம்" என்றால், நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையதல்ல என்று இரண்டே எழுத்தில் சொல்லிவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு செய்தி ஓடியது. பொய், பண்ணையே மறுத்தது. எனக்கு அத்தை அனுப்பியபோது 'தப்பிவிட்டதாம்' என்று இருந்தது. நான் நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் 'எதற்கும் சொல்லி வைப்போம், போனால் என்ன' என்று மூன்று குரூப்பில் போட்டேன். அவசரத்தில் 'தப்பிவிட்டன' என்று தட்டிவிட்டேன். அந்த ஓர் '-ஆம்' என் கையில்தான் உதிர்ந்தது. சாயங்காலம் அதே வாசகம் வேறொருவரிடமிருந்து "வனத்துறை எச்சரிக்கை" என்ற தலைப்போடு எனக்கே திரும்பி வந்தது.

பொய் அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள் அல்ல, ஜாக்கிரதைக்காரர்கள். "உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்பதைவிடக் கனமான வேலையை ஒரு தாய்க்கு யாரால் கொடுக்க முடியும்? 2018-இல் அப்படி ஒரு வீடியோ ஓடியது. பைக்கில் வருகிற இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு பதாகையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசி விநாடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். மீம் செய்கிறவன் படத்தை வெட்டுகிற அதே கத்தரிதான். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர் மொழியில் ஒரு குரல் சேர்ந்தது: வடக்கேயிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறது, பக்கத்து ஊரில் நேற்று இரண்டு குழந்தைகள். காலி நாற்காலியில் பக்கத்து ஊரை உட்காரவைத்தார்கள்.

அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயதுப் பாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். சாக்லேட் கொடுப்பது அதற்கு முந்தைய வருடம் வரை வெறும் சாக்லேட் கொடுப்பதாகத்தான் இருந்தது.

அந்த ஜூலையில்தான் வாட்ஸ்ஆப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாமல் ஆக்கியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட ஃபார்வேர்டுகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்தக் கம்பெனியே சொன்னது. யாரும் திருந்தியதால் அல்ல. திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பக் கை சலிக்கிறது, அவ்வளவுதான். கத்தரிக்கு எதிராக எனக்குத் தெரிந்து ஓரளவு வேலை செய்தது இந்தச் சலிப்பு ஒன்றுதான்.

பொய் ஏன் மெய்யைவிட வேகம் என்பதற்கு, எம்ஐடி ஆய்வாளர்கள் 2018-இல் ட்விட்டரின் சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளைப் பார்த்து வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. பொய்ச் செய்தி ரீட்வீட் ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் ஆனது. தானாக இயங்கும் பாட் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் அதே கதை, செய்தது மனிதர்கள்தான். பொய் புதிதாக இருக்கிறது, முதலில் சொல்கிற ஆளுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மேனும் செய்த 2012 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கோபம், பதற்றம், வியப்பு ஓடுகின்றன, சோகம் அவ்வளவாக ஓடுவதில்லை. சோகம் ஆளை உட்காரவைக்கிறது, கோபம் எழுப்பி நிறுத்துகிறது.

செய்தவன் கையை விட்டுப் போய்விடும் என்பதும் இதில் அடக்கம். மேட் ஃபியூரி என்ற அமெரிக்க ஓவியர் 2005-இல் வரைந்த சாதுவான தவளை பெப்பே, 2016-இல் அங்கே இனவெறியர்களின் சின்னமாகி வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. வரைந்தவர் மனம் வெறுத்துத் தன் காமிக்ஸில் அதைச் சாகடித்தே பார்த்தார். 2019-இல் ஹாங்காங் இளைஞர்கள் அதே தவளையைத் தூக்கிக்கொண்டு ஜனநாயகத்துக்காகத் தெருவில் நின்றார்கள். தவளை மாறவில்லை.

ஒரு மீம் எவ்வளவு நாள் வாழும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நேசமணி பிரார்த்தனை மூன்று நாளில் ஓய்ந்துவிட்டது. நான்காம் நாள் போட்டவனை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். ஆனால் சுத்தியல் விழுந்த அதே படத்திலிருந்து இன்னொன்றும் கிளம்பியது. தேவையில்லாத ஆணி. எதைப் பிடுங்குவது என்று கேட்கிற ஆளிடம், நீ பிடுங்குவதெல்லாம் தேவையில்லாத ஆணிதான் என்பார் நேசமணி. அதற்கு ட்ரெண்டிங் கிடையாது, ஹேஷ்டேக் கிடையாது. 2005, 2006 வாக்கில் தமிழ் வலைப்பதிவர்கள் ஆஃபீஸ் வேலைக்கு 'ஆணி பிடுங்குவது' என்று பெயர் வைத்தார்கள். "இன்று ஆணி அதிகம், பதிவு எழுத முடியவில்லை" என்பார்கள். அங்கிருந்து ஐடி கம்பெனிகளுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்து, இப்போது சாதாரணத் தமிழாகிவிட்டது.

என் பக்கத்து சீட்டில் விஜயவாடாக்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழை முழுக்க ஆஃபீஸிலேயே கற்றுக்கொண்டவர், அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. "இன்னைக்கு ஆணி ஜாஸ்தி பாஸ்" என்று சரளமாகச் சொல்வார். போன மாதம் புது வீட்டில் சாமி படம் மாட்டப் பொருள் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனவர் மறுநாள் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் பாஸ், கடைக்காரர் நெயிலுக்குப் போய் ஆணின்னு சொல்றாரு?"